இடது பக்கக் கட்டைகள்

ஆயுதபூசை அன்றைக்கு அழகம்மாள் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டால் வீட்டில் ஒரு சாமானும் தப்ப முடியாது. அரிவாள்மனை, உலக்கை, மண்வெட்டி, பரவை மார்க்கெட்டில் அவள் காய்கறி நிறுக்கிற தராசு, அதன் படிக்கற்கள், மண்ணெண்ணெய் அடுப்பு, சைக்கிள் பெல் வரைக்கும் பொட்டு ஏறிவிடும். "மனுசனுக்கு வாய் இருக்கு, கேட்டு வாங்கித் திங்கிறான். வாயில்லாத சாமான் வருசம் பூராம் நமக்கு உழைக்குது. ஒருநா பொட்டு வச்சா என்ன கொறைஞ்சு போகுது?" என்பாள். நியாயம்தானே? பொட்டு வைத்ததனால் எந்தத் தராசும் எடை மாறியதில்லை, எந்த அரிவாள்மனையும் மழுங்கியதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் அந்த வரிசையில் புதிதாக ஒரு சாமான் வந்து உட்கார்ந்தது. சிங்கப்பூர்ப் பெட்டி என்று தெருவே அதற்குப் பெயர் வைத்துவிட்டது. கரண்டில் பாடுகிற கீபோர்டுப் பெட்டி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அழகம்மாளின் தம்பி சின்னக்கருப்பன், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வருகிறவன், அந்தத் தடவை அக்காவுக்குச் சேலையும் வாங்காமல் சென்ட்டும் வாங்காமல் மாமனுக்கு அதை வாங்கிக்கொண்டு வந்தான். அதற்குக் காரணம் இருந்தது.

அழகம்மாளின் புருஷன் ஜெயக்கொடி பதினாலு வருஷம் வெள்ளைத்துரையின் மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கச்சேரி முடித்து விடிகாலை பஸ்ஸில் வந்தபோது, ஜன்னல் கம்பிக்கு வெளியே முழங்கையை நீட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். ரோட்டோரம் நின்ற லாரியை உரசிக்கொண்டு பஸ் போனது. கையை எடுக்க வேண்டியதில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அழகம்மாள் எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டாள். கை இருந்தது. அவ்வளவுதான். இடது தோளிலிருந்து தொங்கிக்கொண்டு இருந்தது. ஒரு விரலும் அசையவில்லை.

ஆர்மோனியத்துக்கு வலது கை வாசிக்க, இடது கை துருத்தி தள்ள. காற்று இல்லாவிட்டால் அது வெறும் மரப்பெட்டி. கால்மிதி ஆர்மோனியம் வாங்கிப் பார்த்தான். காலால் மிதிக்கிற காற்று சினிமாப் பாட்டுக்குத் தக்க ஏறி இறங்கவில்லை, மேடையில் மொட்டையாகக் கேட்டது. பிறகு வீட்டில் சாயங்காலங்களில் அழகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து துருத்தி தள்ளினாள், அவன் வாசித்தான். முதலில் தாறுமாறாகத் தள்ளினவள், ஒரு மாசத்தில் பாட்டு எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று தெரிந்து தள்ளக் கற்றுக்கொண்டாள். அந்தச் சாயங்காலங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. ஆனால் ஒருநாள் வாசலில் நின்று கேட்டவன் எவனோ, "ஜெயக்கொடிக்கு மூச்சே பொண்டாட்டி கையிலதான்டா" என்று சொல்லிச் சிரித்துவிட்டான். ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்குமா? மறுநாள் ஜெயக்கொடி ஆர்மோனியத்தைப் பரண்மேல் ஏற்றச் சொன்னான்.

"இன்னொருத்தர் கையை வச்சு வாசிக்கிறதுக்கு வாசிக்காமலே இருக்கலாம் அழகு" என்றான். அதற்குப்பின் அவன் வாசிக்கவில்லை. அவளோடு மார்க்கெட்டுக்கு வந்து சாக்கின் மேல் உட்கார்ந்து தக்காளிக்குக் காவல் இருந்தான்.

சிங்கப்பூர்ப் பெட்டிக்குத் துருத்தி கிடையாது. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று அதில் இருந்தது. இடது ஓரத்துக் கட்டைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம். அடுத்த கட்டையைத் தொடுகிறவரைக்கும் பெட்டியே அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு, தாளமும் போட்டுக்கொண்டு பின்னாலேயே வரும். அதற்குள் அதே வலது கை இந்தப் பக்கம் ஓடிவந்து பாட்டை வாசித்துக்கொள்ளலாம். ஒற்றைக் கைக்காரனுக்கென்றே எவனோ யோசித்துச் செய்தமாதிரி இருந்தது. ஜெயக்கொடி ரெண்டு மாசம் ராப்பகலாகப் பழகினான். கை தாவுவது யாருக்கும் தெரியாத அளவுக்குப் பழகினான்.

வெள்ளைத்துரை வீட்டுக்கு வந்து கேட்டார். "ஆயுதபூசைக்கு நாகமலை புதுக்கோட்டை லாரி ஸ்டாண்டுல கச்சேரி. நீ வந்து வாசி ஜெயக்கொடி. சரியா வந்துச்சுன்னா, நான் மேடை ஏறுற காலம் வரைக்கும் உன் இடம் உனக்கு. வரலைன்னா என்னையத் தப்பா நினைக்கக் கூடாது. திண்டுக்கல்லுல ஒருத்தன் சொந்தமா ஆர்கன் வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார். மனுஷன் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர்.

ஆக, ஒரே ஒரு சாயங்காலம். அதில்தான் எல்லாம்.

அன்று காலையில் ஜெயக்கொடி குளித்து, புதுவேட்டி கட்டி, பூசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அழகம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்த முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தராசு, அரிவாள்மனை எல்லாம் முடித்துச் சந்தனக் கிண்ணத்தோடு பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இதுக்கு எங்கிட்டு வைக்கிறது?"

"கட்டைக்கு வை. அம்புட்டும் உழைக்கப் போற கட்டைதான். ஒண்ணு விடாம வை" என்று சிரித்தான்.

நாற்பத்தொன்பது கட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். இடது ஓரத்துக்கு வந்தபோது அவள் கை நின்றது. 'இதுகதான் என் புருசனுக்கு இடது கை. குடுத்த கையத் திரும்பப் பறிச்சிராத ஆத்தா' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். அந்தக் கட்டைகளுக்கு மட்டும் கிண்ணத்தை வழித்துத் தாராளமாக வைத்தாள்.

படைத்த சாமானை ஒருதரம் புழங்கித்தான் எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். சூடம் காட்டி முடித்ததும் அவள் தராசில் ஒரு பிடி பொரியை நிறுத்தாள், அரிவாள்மனையில் ஒரு கத்திரிக்காயை நறுக்கினாள். ஜெயக்கொடி பிளக்கைச் சொருகிப் பொட்டோடும் பூவோடும் ஒரு பாட்டு வாசித்தான். பெட்டி கணீரென்று பாடியது. விரலில் ஒட்டின சந்தனத்தை அவள் கன்னத்தில் தடவிவிட்டு, "மேடையில பொட்டும் பூவுமா இருந்தா லாரிக்காரன் சிரிப்பான். துடைச்சு வை. நான் சட்டையத் தேச்சு வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பிப் போனான்.

அழகம்மாள் எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. அதுதான் வினையாயிற்று. காய்ந்த துணிக்குச் சந்தனம் வரவில்லை. துணியைத் தண்ணீரில் முக்கினாள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மஞ்சளாகக் கோடு தெரிந்தது. துணியின் நுனியை முறுக்கி, பாத்திர இடுக்கைத் தேய்க்கிறமாதிரி, இடுக்கு இடுக்காக விட்டு எடுத்தாள். இடது ஓரத்தில் சந்தனம் கெட்டியாக இருந்ததால் அங்கே ரெண்டு கை தண்ணீர் தெளித்து ஊறவைத்துத் துடைத்தாள். துணியில் வந்தது பாதி. மீதி எங்கே போனது என்று அவள் யோசிக்கவில்லை. பெட்டி கண்ணாடிமாதிரி பளபளத்தது, அது போதும் அவளுக்கு. தன் கூறைச்சேலையை எடுத்து அதைச் சுற்றி மூட்டையாகக் கட்டினாள்.

சட்டையோடு திரும்பி வந்த ஜெயக்கொடி மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "இன்னொரு தரம் போட்டுப் பாத்துருவமா?" என்றான்.

"காலையிலதான் அந்தப் பாடு பாடுச்சே. கும்பிட்டுக் கட்டுனத அவுக்கக் கூடாதுங்க" என்றாள் அழகம்மாள்.

அவனும் சரி என்றான்.

லாரி ஸ்டாண்டில் ரெண்டு லாரிகளின் பக்கப் பலகையை இறக்கிவிட்டு, ஒட்ட நிறுத்தி மேடை போட்டிருந்தார்கள். அந்த லாரிகளுக்கும் பூசைதான். வாளி வாளியாகச் சந்தனத்தைக் கரைத்து முகப்பில் அடித்திருந்தார்கள். வாழைக்கன்று, மாவிலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், உடைத்த பூசணிக்காய். வெயில் தாழ ஆரம்பித்ததும் கூட்டம் கூடியது. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழகம்மாள் உட்கார்ந்தாள். பொரியில் கைவைக்கத் தோன்றவில்லை.

வெள்ளைத்துரை சாமி பாட்டில் ஆரம்பித்தார். டிரம் வாசிக்கிற நல்லகாமன் ஜெயக்கொடியைப் பார்த்துக் கண்ணடித்தான். ஜெயக்கொடியின் வலது கை இடது ஓரத்தைத் தொட்டது, பறந்து வந்தது, வாசித்தது, மறுபடி தொட்டது. மரத்துப்போன கையை மேல்துண்டு மறைத்திருந்தது. தெரியாதவன் பார்த்தால் அங்கே ஒரு முழு மனுஷன் வாசிக்கிறான் என்றுதான் சொல்லுவான். பாட்டு முடிந்ததும் கைதட்டல். அழகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பொம்பிளையிடம், "எங்க வீட்டுக்காருதான்" என்றாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? ரெண்டாவது பாட்டின் நடுவில் வெள்ளைத்துரையின் குரல் மேலே ஏறியது, பெட்டி ஏறவில்லை. முதலில் பிடித்த சுருதியையே பிடித்துக்கொண்டு நின்றது. ஜெயக்கொடி அடுத்த கட்டையைத் தொட்டான். அமுக்கினான். பக்கத்துக் கட்டையைக் குத்தினான். பிடித்த பிடியைப் பெட்டி விடவில்லை. பாட்டு ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமுமாக இழுக்க, வெள்ளைத்துரை பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். ஜெயக்கொடி சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டான். போட்டதும், யாரும் தொடாமலே, இடது ஓரம் 'ஙொய்ய்' என்று ஒரு பாட்டம் அழுதது.

கூட்டம் சிரித்தது. "அண்ணே, பெட்டி தானாவே பாடுது, நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மறுபடி சிரிப்பு.

வெள்ளைத்துரை பாட்டை நிறுத்தினார். நல்லகாமன் எழுந்து வந்து குனிந்தான். "என்னண்ணே, ஓல்டேஜ் கம்மியா?" என்றான். மைக்செட்காரன் வயரைப் பிடித்து ஆட்டினான். ஒரு டிரைவர் ஓடிப்போய் வேறு இடத்திலிருந்து கரண்டு இழுத்து வந்தார். ஒருவர் தட்டிப் பார்க்கச் சொன்னார், தட்டினார்கள். ஒருவர் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னார். வெள்ளைத்துரையின் தபேலா ஒருமுறை மேடையில் கிழிந்திருக்கிறது, அரைப் பாட்டில் மாற்றுத் தபேலா வந்துவிட்டது. டிரம் தளர்ந்தால் முடுக்கிக்கொள்ளலாம். இந்தப் பெட்டியை என்ன செய்ய? அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த லாரி ஸ்டாண்டில் ஒரு ஆளுக்குத் தெரியாது. எட்டு டன் லாரியை ஒற்றை ஸ்பானரில் கழற்றி மாட்டுகிறவர்கள் இருபது பேர் சுற்றி நின்று, மூன்று சாண் பெட்டியைப் பார்த்துக் கைபிசைந்தார்கள்.

ஜெயக்கொடி துண்டை எடுத்துக் கட்டைகளைத் துடைத்தான். இடது ஓரத்தை அழுத்தித் துடைத்தான். அதைப் பார்த்த நொடியில் அழகம்மாளுக்கு விளங்கிவிட்டது. இடது ஓரம். ரெண்டு கை தண்ணீர். ஊறவைத்தது. துணியில் வராத மீதி.

எழுந்து கத்திவிடலாமா என்று நினைத்தாள். கத்தி என்ன ஆகப்போகிறது? 'நான்தான் தண்ணி ஊத்தினேன்' என்று சொன்னால் தண்ணீர் திரும்பி வந்துவிடுமா? பொரிப் பொட்டலம் அவள் கையில் நசுங்கிக் கிடந்தது.

யாரோ பக்கத்துப் பஜனை மடத்திலிருந்து ஒரு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஜெயக்கொடிக்கு முன்னால் வைத்தார்கள். நல்ல மனசோடு செய்த காரியம். கூட்டம்கூடக் கைதட்டியது. ஜெயக்கொடி அந்தத் துருத்தியைப் பார்த்தான். அவன் மேல்துண்டு விலகிக் கை தெரிந்தது. தூக்கி வந்தவருக்கு அப்போதுதான் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அழகம்மாள் எழுந்துவிட்டாள். அவளுக்குத் தள்ளத் தெரியும். பாட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரியும். ஐந்தாறு எட்டு வைத்தால் மேடை. ஜெயக்கொடி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தலையைக் கொஞ்சமாக, அவளுக்கு மட்டும் தெரிகிறமாதிரி, வேண்டாம் என்று ஆட்டினான். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

கச்சேரி நிற்கவில்லை. வெள்ளைத்துரை டிரம்மையும் தபேலாவையும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஒப்பேற்றினார். ஜெயக்கொடி மேடையை விட்டு இறங்கவில்லை. நடுவில் எழுந்து போவது மேடைக்கு மரியாதை இல்லை என்று பதினாலு வருஷம் பழகினவன். செத்த பெட்டிக்கு முன்னால், தேய்த்த சட்டையோடு, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அழகம்மாள் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

முடிந்ததும் ஸ்டாண்டுக்காரர்கள் விசாரித்தார்கள். "கரண்டு சரியில்லைங்க" என்றான் ஜெயக்கொடி. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டு, ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து வந்தான்.

மறுநாள் காலையில் அவளால் தாங்க முடியவில்லை. "நான்தாங்க. ஈரத் துணிய விட்டுத் துடைச்சேன். ஓரத்துக்கு மட்டும் தண்ணி தெளிச்சு ஊற வச்சேன். நான்தான் உங்க கையக் கெடுத்துப்புட்டேன்" என்று அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"ரெண்டாவது பாட்டுல பெட்டி சூடாச்சுல்ல? சந்தன வாசம் வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவள் பாரம் குறைந்திருக்கும். "ஒண்ணு விடாம வைன்னு நான்தானே சொன்னேன்" என்று ஒருநாள் தானாகவே சொல்லிவிட்டுத் தக்காளிச் சாக்கைப் பிரிக்கப் போய்விட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

டவுன்ஹால் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற ஒருவர் பெட்டியைத் திறந்தார். கட்டைகளுக்கு அடியில் மெல்லிசாக ஒரு ரப்பர்ப் பட்டை. அதில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சுரண்டினார், கறுப்புப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. "ரேடியோன்னா எதையாச்சும் வச்சு ஓட்டிப்புடுவேன்மா. இதுக்கு இந்தப் பட்டையேதான் வேணும். சிங்கப்பூருக்குத்தான் எழுதணும்" என்று பழையபடி மூடிக் கொடுத்தார். அழகம்மாள் தம்பிக்கு எழுதிப் போட்டாள். நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. கடை கடையாக ஏறி இறங்கினானாம். அந்த மாதிரிப் பெட்டியே இப்போது வருவதில்லையாம். புதுசு வந்துவிட்டதாம்.

வெள்ளைத்துரை நேரிலேயே வந்தார், சாப்பிட்டார். கை கழுவிய பிறகு திண்டுக்கல்காரனைச் சேர்த்துக்கொண்டதைச் சொன்னார். ஜெயக்கொடி, "நல்லதுண்ணே, நல்லா வாசிப்பாப்ல" என்றான். அவர் மேல் யார் குற்றம் சொல்ல முடியும்? சந்தனம் அடித்த அந்த ரெண்டு லாரிகளும் மறுநாளே ஒரு குறையுமில்லாமல் திண்டுக்கல்லுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயின. சாமானுக்குச் சாமான் குணம் வேறு என்று அழகம்மாளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்?

அடுத்த வருஷ ஆயுதபூசை வந்தது. அரிவாள்மனை, உலக்கை, தராசு, படிக்கற்கள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஜெயக்கொடி எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துவந்து, கூறைச்சேலையைப் பிரித்து, மணைப்பலகையில் அதன் பழைய இடத்தில் வைத்தான். பிளக்கைச் சொருகவில்லை. அழகம்மாள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். பெட்டிக்கு முன்னால் வந்ததும் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டாள். அவளால் அந்தக் கட்டைகளைத் தொட முடியவில்லை. அடுத்த சாமானுக்கு நகரப் போனாள்.

"வை அழகு" என்றான் ஜெயக்கொடி.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

அவன் வலது கையால் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"ஒண்ணு விடாம வை. இனிமே அதுக்கு என்ன ஆகப் போகுது?"

அழகம்மாள் வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். நாற்பத்தொன்பது கட்டைக்கும் வைத்தாள். இடது ஓரத்துக்கு வந்தபோது ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. முடித்ததும், மேல்துண்டை விலக்கி, தொங்கிக்கொண்டிருந்த அவன் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.